விஷத்துக்குக் கடிவாளம் போட்ட பெண்

1958-ம் ஆண்டு ஜனவரி மாதம்.

அமெரிக்காவில், ரேச்சல் கார்சன் என்ற அம்மையாருக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் அவருடைய சிநேகிதி ஓல்கா ஹக்கின்ஸ்.

ஓல்கா, டக்ஸ்பரி என்ற கடலோர ஊரில் வசித்தார். வீட்டைச் சுற்றி இருந்த மரங்களையும் புதர்களையும் பறவைகள் தங்குவதற்கென்றே விட்டு வைத்திருந்தார். முந்திய கோடையில், கொசுவை ஒழிப்பதற்காக ஒரு விமானம் அங்கே தாழப் பறந்து மருந்து தெளித்துவிட்டுப் போயிற்று.

கொசு செத்ததோ இல்லையோ, பறவைகள் செத்தன!

உடனே ஏழு பறவைகள் விழுந்தன. மறுநாள் காலையில் வாசல் அருகே மூன்று பறவைகள் செத்துக் கிடந்தன. அலகுகள் பிளந்திருந்தன. கால் நகங்கள் மார்போடு சுருண்டிருந்தன.

இதைத் தடுக்க யாரிடம் போவது என்று ஓல்காவுக்குத் தெரியவில்லை. தலைநகரான வாஷிங்டனில் உதவி செய்யக்கூடியவர் யாராவது உண்டா என்று ரேச்சலைக் கேட்டிருந்தார்.

ரேச்சல் விசாரித்தார். முன்வருவார் யாரும் இல்லை. ஆகவே அந்த வேலையைத் தாமே எடுத்துக்கொண்டார்.

அவருடைய ஆயுளில் மீதி இருந்தது ஆறே ஆண்டு. அந்த ஆறு ஆண்டும் இந்த ஒரு வேலைக்கே போயிற்று. ஒரு நஞ்சு கடைக்கு வருவதற்கு முன்பு அதைச் சோதித்துப் பார்க்கவேண்டும், விற்பவர் பேச்சை மட்டும் நம்பக்கூடாது என்ற எண்ணம் அமெரிக்காவில் சட்டமாவதற்கு அவருடைய எழுத்தே வழி வகுத்தது.

யார் இந்த ரேச்சல்?

பண்ணை வீட்டுக் குழந்தை

பென்சில்வேனியா மாநிலத்தில் ஸ்பிரிங்டேல் என்று ஒரு சிற்றூர். அலெகெனி ஆற்றங்கரையில் இருக்கிறது. அங்கே ஒரு பண்ணை வீட்டில், 1907-ம் ஆண்டு மே மாதம் 27-ந் தேதி ரேச்சல் பிறந்தார். அவருக்கு ஓர் அக்காளும் ஓர் அண்ணனும் இருந்தார்கள்.

பெயருக்குத்தான் பண்ணை. வருமானம் குறைவு. தகப்பனார் ராபர்ட் கார்சன் என்ன செய்தும் கையில் பணம் தங்கவில்லை.

தாயார் மரியா நன்கு படித்தவர். கல்யாணத்துக்கு முன்பு ஆசிரியையாக இருந்தவர். குழந்தை ரேச்சலைக் கையைப் பிடித்துக்கொண்டு தோப்பிலும் ஆற்றோரத்திலும் நடப்பார். இது இன்ன பறவை, இது இன்ன பூ என்று காட்டுவார். வீட்டுக்குள் பூச்சி வந்தால் அடிக்கமாட்டார். பிடித்து வெளியே விடுவார்.

தாயார் ஊட்டிய அந்தப் பாடம் மகள் மனதில் பதிந்துவிட்டது.

ரேச்சலுக்கு எழுதுவதில் ஆசை. 11-வது வயதில் ஒரு கதை எழுதி, சிறுவர் பத்திரிகைக்கு அனுப்பினார். அது அச்சில் வந்தது. வெள்ளிப் பதக்கமும் கிடைத்தது.

கல்லூரியில் சேர்ந்தார். இலக்கியம் படித்து எழுத்தாளராக வேண்டும் என்பது எண்ணம். அங்கே மேரி ஸ்கிங்கர் என்ற ஆசிரியை உயிரியல் பாடம் நடத்தினார். அந்தப் பாடத்தைக் கேட்டதும் ரேச்சலின் மனம் மாறிவிட்டது. இலக்கியத்தை விட்டு உயிரியலுக்குத் தாவினார்.

பெண்ணுக்கு எதற்கு விஞ்ஞானம் என்று பலர் கேட்ட காலம் அது. ரேச்சல் கேட்கவில்லை. 1929-ல் சிறப்பாகத் தேறினார்.

அந்த ஆண்டுக் கோடையில், வுட்ஸ் ஹோல் என்ற ஊரில் இருந்த கடல் ஆராய்ச்சி நிலையத்துக்குப் போனார். சிறு வயது முதல் கடலைப் பற்றிப் படித்துப் படித்துக் கனவு கண்டவர், அப்பொழுதுதான் முதன்முதலாகக் கடலைப் பார்த்தார்!

குடும்ப பாரம்

1932-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. பட்டம் பெற்றார். மேலும் படித்து டாக்டர் பட்டம் வாங்க ஆசை. ஆனால் நாட்டில் பஞ்சம். வேலை இல்லாத் திண்டாட்டம். குடும்பத்துக்குச் சம்பாதிக்க ஆள் இல்லை. படிப்பை நிறுத்தினார்.

1935-ல் தகப்பனார் இறந்துபோனார்.

சர்க்கார் மீன்துறையில் ஒரு தற்காலிக வேலை கிடைத்தது. கடல் வாழ் உயிர்களைப் பற்றி ரேடியோவுக்கு எழுதித் தரவேண்டும். ரேச்சல் எழுதினார். மறு ஆண்டு, நிரந்தர உத்தியோகத்துக்குப் பரீட்சை நடந்தது. அதில் ரேச்சலே முதல் மார்க் வாங்கினார். அந்தத் துறையில் விஞ்ஞானி உத்தியோகம் பெற்ற இரண்டாவது பெண் அவர்.

1937-ல் இன்னோர் இடி விழுந்தது. அக்காள் மரியன் இறந்தார். அக்காளுக்கு இரண்டு சிறு பெண்கள். அந்தக் குழந்தைகளை ரேச்சலும் தாயாரும் எடுத்து வளர்த்தார்கள்.

பகலில் அலுவலகம். மாலையில் வீட்டு வேலை. எல்லோரும் தூங்கியபிறகு எழுத்து. இப்படியே ஆண்டுகள் ஓடின. அவர் கல்யாணம் செய்துகொள்ளவே இல்லை.

1941-ல் கடலைப் பற்றி முதல் புத்தகம் வந்தது. மறு மாதமே அமெரிக்கா யுத்தத்தில் குதித்தது. புத்தகத்தை வாங்குவார் இல்லை.

ரேச்சல் சோர்ந்து போகவில்லை. 1951-ல், "நம்மைச் சூழ்ந்த கடல்" என்ற இரண்டாவது புத்தகம் வந்தது. அதிர்ஷ்டம் கதவைத் தட்டியது! அதிகம் விற்கும் புத்தகங்களின் பட்டியலில் அது 86 வாரம் இருந்தது. தேசியப் புத்தகப் பரிசும் கிடைத்தது.

பணக் கவலை தீர்ந்தது. 1952-ல் உத்தியோகத்தை விட்டார். மெய்ன் மாநிலத்தில் கடலோரமாகச் சிறிய வீடு ஒன்று கட்டிக்கொண்டார். அலை ஓசையைக் கேட்டுக்கொண்டே எழுதலாம் என்பது அவர் ஆசை.

ஆனால் நிம்மதி நீடிக்கவில்லை. 1957-ல், அவர் வளர்த்த அக்காள் மகள்களில் ஒருத்தி இறந்துபோனாள். அவளுக்கு 5 வயதில் ஒரு பையன். தகப்பன் இல்லாத பிள்ளை. 50 வயதை எட்டிக்கொண்டிருந்த ரேச்சல், அந்தப் பையனைத் தத்து எடுத்துக்கொண்டார். வீட்டில் வயதான தாயார் வேறு.

இந்த நிலைமையில்தான் ஓல்காவின் கடிதம் வந்தது.

அதிசய மருந்து

ஓல்காவின் ஊரில் தெளித்த மருந்து டி.டி.டி.

இதை ஒரு மாணவர் 1874-லேயே தயாரித்திருந்தார். ஆனால் அது பூச்சியைக் கொல்லும் என்று யாருக்கும் தெரியாது. 1939-ல், சுவிட்சர்லாந்து விஞ்ஞானி பால் முல்லர் அதைக் கண்டுபிடித்தார்.

அது யுத்த காலம். இத்தாலியில் நேப்பிள்ஸ் நகரில் டைபஸ் என்ற கொள்ளைக் காய்ச்சல் பரவியது. பேன்தான் அந்த நோயைப் பரப்புகிறது. மக்களின் உடம்பிலும் துணியிலும் டி.டி.டி. தூளைத் தூவினார்கள். பேன் செத்தது. நோய் அடங்கியது.

மலேரியாக் கொசுவும் அதற்கு அடங்கியது. இந்தியாவில் மலேரியாவை ஒழிக்கும் திட்டம் 1953-ல் தொடங்கியபோது, ஆண்டுக்கு ஏழரைக் கோடிப் பேருக்கு அந்தக் காய்ச்சல் வந்து கொண்டிருந்தது. வீடுவீடாக டி.டி.டி. அடித்தார்கள். 1965-ல் அது ஏறக்குறைய ஒரு லட்சமாகக் குறைந்தது.

பால் முல்லருக்கு 1948-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள். அதில் தவறு இல்லை.

தவறு வேறிடத்தில் நடந்தது. யுத்தம் முடிந்ததும் டி.டி.டி. கடைக்கு வந்தது. அதைப் போலவும் அதைவிடக் கொடியதாகவும் பல நஞ்சுகள் வந்தன. நோயைத் தடுக்க வீட்டுச் சுவரில் அடித்த மருந்தை, விமானத்தில் ஏற்றி ஊர் ஊராகக் கொட்டினார்கள். வயல், காடு, ஏரி, குழந்தைகள் விளையாடும் இடம் என்ற பேதமே இல்லை.

1945-லேயே ரேச்சலுக்குச் சந்தேகம் வந்தது. டி.டி.டி.யைப் பற்றி ஒரு கட்டுரை எழுதித் தருவதாக ஒரு பெரிய பத்திரிகைக்குத் தெரிவித்தார். பத்திரிகை வேண்டாம் என்றுவிட்டது.

13 ஆண்டு கழித்து, செத்த பறவைகள் அந்தச் சந்தேகத்தை மறுபடி எழுப்பின.

ஏரியில் நடந்த மர்மம்

ரேச்சல் விஞ்ஞானிகளுக்குக் கடிதம் எழுதினார். டாக்டர்களைக் கேட்டார். ஆராய்ச்சி அறிக்கைகளைச் சேர்த்தார். தகவல்கள் வந்து குவிந்தன. அவற்றில் ஒன்று இது:

கலிபோர்னியாவில் கிளியர் லேக் என்று ஓர் ஏரி இருக்கிறது. அங்கே கொசு போன்ற ஒரு பூச்சி உண்டு. அது கடிக்காது. ஆனால் கூட்டமாக மொய்த்துத் தொந்தரவு கொடுக்கும். அதை ஒழிக்க, டி.டி.டி.க்குச் சொந்தமான ஒரு மருந்தை ஏரியில் கலந்தார்கள். முதலில் 1949-ல். பிறகு 1954-லும் 1957-லும்.

மிகக் கொஞ்சமாகத்தான் கலந்தார்கள். இரண்டாவது தடவை கலந்தது, 5 கோடிப் பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு மருந்து. இது யாரை என்ன செய்யும் என்று நினைத்தார்கள்.

அந்தக் குளிர்காலத்தில், ஏரியில் இருந்த முக்குளிப்பான் பறவைகள் நூற்றுக்கு மேல் செத்தன. ஏதோ தொத்து நோய் என்று தேடினார்கள். நோய் எதுவும் இல்லை. கடைசியில் பறவையின் கொழுப்பைச் சோதித்தார்கள்.

திடுக்கிட்டுப் போனார்கள்! ஏரித் தண்ணீரில் இருந்ததைப்போல 80 ஆயிரம் மடங்கு நஞ்சு, பறவையின் கொழுப்பில் இருந்தது!

எப்படி?

தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத சிறு உயிர்கள் இருக்கின்றன. நஞ்சு முதலில் அவற்றில் சேர்ந்தது. அவற்றைச் சின்ன மீன் தின்றது. சின்ன மீனைப் பெரிய மீன் தின்றது. மீனைப் பறவை தின்றது. ஒவ்வொரு படியிலும் நஞ்சு கூடிக்கொண்டே போயிற்று. உண்டியலில் போட்ட காசு போல, கொழுப்பில் போய்ச் சேர்ந்த நஞ்சு எளிதில் வெளியே வருவதில்லை.

மிச்சிகன் மாநிலத்தில் இன்னொரு சம்பவம். மரத்துக்கு வந்த நோயைத் தடுக்க டி.டி.டி. தெளித்தார்கள். இலை உதிர்ந்தது. உதிர்ந்த இலையை மண்புழு தின்றது. மண்புழுவை ராபின் என்ற பறவை தின்றது. 11 பெரிய மண்புழு தின்றால் போதும், ராபின் செத்துவிடும். அத்தனை புழுவை அது சில நிமிடத்தில் தின்றுவிடும்.

மரத்துக்கு அடித்த மருந்து, மரத்தோடு நிற்கவில்லை. இதுதான் ரேச்சல் கண்ட உண்மை.

இந்தியாவில் நடந்த துயரம்

பறவைகளோடு துயரம் நின்றுவிடவில்லை. மனிதர்களும் செத்தார்கள். ரேச்சல் சேர்த்த தகவல்களில் நம் நாட்டுச் செய்தியும் ஒன்று.

பாரத்தியான் என்ற பூச்சி மருந்து, டி.டி.டி.யைவிடப் பல மடங்கு கொடியது. கொஞ்சம் தோலில் பட்டாலே உயிருக்கு ஆபத்து. அது நரம்புகளைத் தாக்கும்.

1958-ம் ஆண்டு ஏப்ரல், மே மாதங்களில், கேரளத்திலும் அன்றைய சென்னை மாநிலத்திலும் பலர் திடீரென்று வாந்தி எடுத்து விழுந்தார்கள். நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். கேரளத்தில்தான் சாவு அதிகம். அவர்கள் வயலில் மருந்து அடித்தவர்கள் அல்ல. பூச்சி மருந்தைக் கண்ணால்கூடப் பார்த்திராத ஏழைகள். அவர்கள் செய்ததெல்லாம், கோதுமை மாவு வாங்கிச் சாப்பிட்டதுதான்!

வெளிநாட்டிலிருந்து வந்த பாரத்தியான், வழியில் உணவுப் பண்டத்தோடு கலந்துவிட்டது. மாவு மூட்டை ஊர்களுக்குப் போயிற்று. நஞ்சும் கூடவே போயிற்று.

அந்த ஆண்டில் இந்தியாவில் பாரத்தியானால் நேர்ந்த சாவுகள் நூறு என்று, ரேச்சல் தம்முடைய புத்தகத்தில் குறித்திருக்கிறார்.

உடம்பைத் தின்ற நோய்

எழுதத் தொடங்கிய ஆண்டின் கடைசியில், 1958 டிசம்பரில், தாயார் மரியா காலமானார். ரேச்சலுக்கு வலது கை ஒடிந்தது போல் ஆயிற்று. பையனை வளர்க்கவேண்டும். புத்தகத்தையும் முடிக்கவேண்டும்.

1960-ல் மார்பில் கட்டி தோன்றியது. ஆபரேசன் நடந்தது. புற்றுநோய் என்ற உண்மையை டாக்டர் அவரிடம் சொல்லவில்லை. நோயாளியிடம் மறைப்பது அந்தக் காலத்து வழக்கம். ஆண்டின் முடிவில், வேறு டாக்டரிடம் போனபிறகுதான் உண்மை தெரிந்தது. அதற்குள் நோய் பரவிவிட்டது.

அது மட்டுமா? வயிற்றுப் புண், மூட்டு வீக்கம், கண் அழற்சி எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. சில நாள் அவரால் படிக்க முடியாது. சில நாள் நடக்க முடியாது. ஆனாலும் எழுதினார்.

நோயை வெளியே சொல்லவில்லை. நெருங்கிய சிலருக்கு மட்டுமே தெரியும். காரணம் இருந்தது. தமக்குப் புற்றுநோய் என்று தெரிந்தால், அந்த ஆத்திரத்தில்தான் மருந்துகளைத் தூற்றுகிறார் என்று எதிரிகள் சொல்லிவிடுவார்கள் என்று பயந்தார். தம் நோயைவிடத் தம் வாதத்தைக் காப்பாற்றுவதே அவருக்குப் பெரிதாக இருந்தது.

புத்தகம் கிளப்பிய புயல்

1962 ஜூன் மாதத்தில் ஒரு பிரபல வாரப் பத்திரிகை, புத்தகத்தின் பகுதிகளை வெளியிட்டது. செப்டம்பர் 27-ந் தேதி புத்தகம் வந்தது. அதன் பெயர் "மௌன வசந்தம்".

வசந்தம் வந்தும் குயில் கூவவில்லை, குருவி பாடவில்லை என்றால் எப்படி இருக்கும்? பறவைகள் எல்லாம் செத்துப் போன ஊரில் வசந்தம் மௌனமாகத்தானே வரும்? அதுதான் தலைப்பின் பொருள். யாரும் சும்மா எழுதியதாகச் சொல்லிவிடக்கூடாது என்று, ஆதாரங்களின் பட்டியலையே 50 பக்கத்துக்கு மேல் சேர்த்திருந்தார்.

நாடெங்கும் பரபரப்பு! மருந்துக் கம்பெனிகள் கொதித்து எழுந்தன. புத்தகம் வந்தால் வழக்குப் போடுவோம் என்று ஒரு கம்பெனி முன்னதாகவே மிரட்டிப் பார்த்தது. வெளியிட்டவர்கள் பணியவில்லை. புத்தகத்தை மறுத்துப் பிரசாரம் செய்யப் பெரும்பணம் செலவிடப்பட்டது.

கல்யாணம் ஆகாதவளுக்கு வருங்காலச் சந்ததியைப் பற்றி என்ன கவலை என்றுகூட ஏசினார்கள். அவர் ஒரு தாயில்லாப் பிள்ளையை வளர்த்துக்கொண்டிருந்தது அவர்களுக்குத் தெரியவில்லை போலும்.

உண்மையில் ரேச்சல், பூச்சி மருந்தே கூடாது என்று எழுதவில்லை. கண்மூடித்தனமாகக் கொட்டவேண்டாம் என்றுதான் எழுதினார். கொட்டக் கொட்ட, நஞ்சைத் தாங்கும் கொசு உருவாகிவிடும் என்றும், பிறகு நோய் வரும்போது மருந்து பலிக்காது என்றும் எச்சரித்தார். அந்தப்படியே பல நாடுகளில் டி.டி.டி.க்குச் சாகாத கொசுக்கள் தோன்றின.

1963 ஏப்ரல் 3-ந் தேதி டெலிவிஷனில் இரு தரப்பையும் காட்டினார்கள். விளம்பரம் தர இருந்த சில கம்பெனிகள் பின்வாங்கின. ஆனாலும் நிகழ்ச்சி நடந்தது. ஒரு பக்கம், வெள்ளைக் கோட்டு அணிந்த கம்பெனி விஞ்ஞானி ஆவேசமாகப் பேசினார். மறு பக்கம், ரேச்சல் நாற்காலியில் அமர்ந்து அமைதியாக விளக்கினார். சிகிச்சையால் முடி கொட்டிப்போனதால் பொய்முடி அணிந்திருந்தார். அது பார்த்தவர்களுக்குத் தெரியாது. அவருடைய அமைதிதான் தெரிந்தது.

சட்டத்தில் இருந்த ஓட்டை

ஜனாதிபதி கென்னடி, இதை ஆராயும்படி விஞ்ஞானிகள் குழுவிடம் ஒப்படைத்திருந்தார். அந்தக் குழு 1963 மே 15-ந் தேதி அறிக்கை கொடுத்தது. ரேச்சல் எழுப்பிய கவலை நியாயமானது என்று அறிக்கை காட்டியது.

அதே ஆண்டு ஜூன் 4-ந் தேதி, சட்டசபைக் குழு ஒன்றின் முன் ரேச்சல் சாட்சி சொன்னார். நடப்பதே அவருக்குக் கஷ்டம். ஆனாலும் வந்தார். அவர் கேட்டவை இவை:

வேறு ஒருவர் தெளிக்கும் நஞ்சு தம் வீட்டுக்குள் வராமல் காத்துக்கொள்ள ஒவ்வொரு குடிமகனுக்கும் உரிமை வேண்டும். ஆபத்து அறிந்தவர்களுக்கே கொடிய மருந்துகளை விற்கவேண்டும். புதிய மருந்தை அனுமதிக்கும் வேலையை விவசாய இலாகாவிடம் மட்டும் விடக்கூடாது. சுகாதாரத்தையும் காட்டு உயிர்களையும் கவனிக்கும் இலாகாக்களையும் கேட்கவேண்டும். வேறு வழி இல்லாதபோதுதான் புதிய நஞ்சை அனுமதிக்கவேண்டும்.

அப்படியானால் அதற்கு முன்பு சட்டமே இல்லையா?

இருந்தது. 1947-ல் போட்ட சட்டம். பூச்சி மருந்தை விவசாய இலாகாவில் பதிவு செய்யவேண்டும் என்று அது சொன்னது. ஆனால் அதில் பெரிய ஓட்டை ஒன்று இருந்தது. இந்த மருந்து ஆபத்தானது, பதிவு செய்யமாட்டோம் என்று இலாகா மறுத்தாலும், கம்பெனி தன் ஆட்சேபத்தைத் தெரிவித்துவிட்டு அதே மருந்தை விற்கலாம்! ஆபத்து என்று சர்க்கார்தான் நிரூபிக்கவேண்டும். அதுவரை விற்பனை நடக்கும். வாசலில் காவற்காரன் உண்டு. ஆனால் கையை விலக்கிவிட்டு உள்ளே போகலாம் என்பது போன்ற சட்டம்!

இந்த ஓட்டையை அடைக்கவேண்டும் என்று விஞ்ஞானிகள் குழுவும் சொல்லியிருந்தது.

வெற்றியைக் காணாத கண்கள்

நோய் முற்றிக்கொண்டே வந்தது. 1964-ம் ஆண்டு ஏப்ரல் 14-ந் தேதி, மேரிலாந்து மாநிலத்தில் சில்வர் ஸ்பிரிங் என்ற ஊரில், தம் வீட்டில் ரேச்சல் காலமானார். அப்போது அவருக்கு வயது 56.

அவருடைய அஸ்தியில் ஒரு பகுதியைத் தாயாரின் கல்லறை அருகே வைத்தார்கள். மற்றொரு பகுதியை, அவர் நேசித்த மெய்ன் கடலோரத்தில் தூவினார்கள்.

அவர் இறந்து ஒரு மாதம் ஆகவில்லை. மே 12-ந் தேதி அமெரிக்காவில் சட்டம் திருத்தப்பட்டது. சர்க்கார் மறுத்த மருந்தை விற்கும் வழி அடைபட்டது. மருந்து ஆபத்தற்றது என்று காட்டவேண்டிய பொறுப்பு கம்பெனியின் தலையில் விழுந்தது. அதைப் பார்க்க ரேச்சல் இல்லை.

1970-ல், சுற்றுப்புறத்தைக் காக்கத் தனி இலாகா ஏற்பட்டது. பூச்சி மருந்தைப் பதிவு செய்யும் அதிகாரம், விவசாய இலாகாவிடமிருந்து அதற்கு மாறியது. 1972-ல் அமெரிக்காவில் பயிருக்கு டி.டி.டி. அடிப்பது தடை செய்யப்பட்டது. 1980-ல், ஜனாதிபதி கார்ட்டர், குடிமக்களுக்கு உரிய மிக உயர்ந்த விருதை ரேச்சலின் பெயருக்கு வழங்கினார்.

நம் நாட்டுக் காவல்

இந்தியாவில் சட்டம் பிறந்தது வேறு வழியில். அதற்குக் காரணம், கோதுமை மாவு சாப்பிட்டு மாண்ட அந்த ஏழைகள்.

துயரச் சம்பவத்தை விசாரிக்க, பம்பாய் ஐகோர்ட்டு நீதிபதி ஜே.சி.ஷா தலைமையில் கமிஷன் அமைக்கப்பட்டது. பிறகு நிபுணர்கள் கூடி ஆராய்ந்தார்கள். பத்து ஆண்டு கழித்து, 1968-ல் பூச்சிக்கொல்லிச் சட்டம் நிறைவேறியது. 1971-ல் விதிகள் வந்தன.

அந்தச் சட்டம் என்ன சொன்னது?

வெளிநாட்டிலிருந்து பூச்சி மருந்தைக் கொண்டுவர விரும்புகிறவர், முதலில் பதிவுக் குழுவுக்கு மனு போடவேண்டும். பணம் இருக்கிறது, கப்பல் இருக்கிறது என்று கொண்டுவந்து இறக்கிவிட முடியாது. உள்நாட்டில் தயாரிப்பவருக்கும் இதே கட்டாயம்தான்.

மருந்தில் என்ன சரக்கு இருக்கிறது? சொன்ன பூச்சியை அது கொல்கிறதா? மனிதருக்கும் மாட்டுக்கும் அதனால் என்ன தீங்கு? எந்த டப்பாவில் அடைத்து வருகிறது? இத்தனைக்கும் ஆதாரம் காட்டவேண்டும். குழுவுக்குத் திருப்தி ஏற்பட்டால்தான் பதிவு. பதிவு இல்லாத மருந்தை இறக்குமதி செய்வது குற்றம்.

துறைமுகத்திலும் காவல் உண்டு. சரக்கில் சந்தேகம் வந்தால் சுங்க அதிகாரிகள் அதை நிறுத்தி வைக்கலாம். மாதிரி எடுத்துச் சோதனைச்சாலைக்கு அனுப்பலாம்.

டப்பாவின் மேல் அடையாளம் போடவேண்டும் என்றும் விதி வந்தது. எழுத்துத் தெரியாதவரும் தெரிந்துகொள்ள நான்கு நிறங்கள். சிவப்பு என்றால் மிக மிகக் கொடியது. மஞ்சள் அதற்கு அடுத்தது. நீலம் நடுத்தரம். பச்சை அவற்றைவிடக் குறைவு. பச்சை என்பதால் குடிக்கலாம் என்று அர்த்தம் அல்ல! அதுவும் நஞ்சுதான். விஷம் ஏறினால் என்ன மாற்று மருந்து கொடுப்பது என்பதையும் அச்சிடவேண்டும்.

இன்னொரு விதி முக்கியமானது. உணவுப் பொருளும் தீவனமும் தொடும்படியாகப் பூச்சி மருந்தை ஏற்றிச் செல்லவோ வைக்கவோ கூடாது. மாவு மூட்டையில் விஷம் கலந்து மாண்டவர்களின் உயிர்தான் அந்த விதிக்குக் கொடுத்த விலை.

பாரத்தியான் பின்னர் இந்தியாவில் தடை செய்யப்பட்டது. 1989-ல், பயிருக்கு டி.டி.டி. அடிப்பது விலக்கப்பட்டது. நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்க மட்டும் அது அனுமதிக்கப்பட்டது. கண்டபடி கொட்டவேண்டாம், தேவையான இடத்தில் அளவோடு பயன்படுத்துங்கள் என்று ரேச்சல் வாதாடியதும் அதற்குத்தான்.

1998-ல் ராட்டர்டாம் நகரில் பல நாடுகள் கூடி ஓர் ஒப்பந்தம் செய்தன. ஒரு நாட்டில் தடை செய்த நஞ்சை, சத்தம் இல்லாமல் இன்னொரு நாட்டின் தலையில் கட்டக்கூடாது. வாங்கும் நாட்டுக்கு முன்கூட்டியே தெரிவிக்கவேண்டும். அது வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ சொல்லலாம். 2004-ல் அமலுக்கு வந்த இந்த ஒப்பந்தத்தில், 2005-ல் இந்தியாவும் சேர்ந்தது.

சட்டம் வந்தாலும் நஞ்சு நஞ்சுதான். டப்பாவின் மேல் இருக்கும் நிறத்தைப் பார்க்காதவரைச் சட்டம் காப்பாற்றாது. காலி டப்பாவைக் கழுவி அரிசி போட்டு வைப்பவரையும் காப்பாற்றாது.

டக்ஸ்பரி வாசலில் செத்துக் கிடந்த மூன்று பறவைகள் பேசவில்லை. அவற்றுக்காக நோயுற்ற ஒரு பெண் பேசினார். வீட்டில் மருந்து டப்பாவைக் கையில் எடுக்கும்போது, அதன்மேல் இருக்கும் சிறிய நிற முக்கோணத்தை ஒரு தடவை உற்றுப் பாருங்கள். அது எத்தனையோ உயிர்களைக் கொடுத்து வாங்கிய எச்சரிக்கை!